கரண்டு பங்க்கை அணைத்தது யார்?

திங்கட்கிழமை மதியம் பாண்டிலட்சுமி தன் மின்சார ஆட்டோவைக் கொண்டுபோய் நிறுத்தியபோது கரண்டு பங்க் மறுபடியும் செத்துக் கிடந்தது.

ஊத்துமடைப்பட்டியில் அதற்குக் கரண்டு பங்க் என்றுதான் பெயர். பேரூராட்சி வைத்த பலகையில் ‘மின்வாகன மின்னேற்று நிலையம்’ என்று இருந்தாலும், அதை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் வண்டி கடந்து போய்விடும். பஸ் நிறுத்தத்தை ஒட்டிய காலி இடத்தில் ஒரு தகரக் கூரை. அதன் கீழே ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. பெட்டியிலிருந்து தொங்கும் இரண்டு தடித்த ஒயர்கள். இடம் பேரூராட்சியுடையது, பெட்டி சென்னைக் கம்பெனியுடையது. டெண்டர் விட்டு, பத்து வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டு, மாலை மரியாதையோடு திறந்து ஒன்றரை மாதம் ஆகிறது. முதல் ஒரு மாதம் பெட்டி ஒழுங்காகத்தான் இருந்தது. இந்தப் பதினைந்து நாளாகத்தான் அதற்கு என்னமோ வந்திருக்கிறது. ஒரு நாள் ஓடும். மறுநாள் கண்ணை மூடிக்கொள்ளும்.

நேற்றுச் சாயங்காலம் நன்றாக இருந்தது. அதில் பாண்டிலட்சுமிக்குச் சந்தேகமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிவரை இங்கேயேதான் உட்கார்ந்து வண்டிக்குச் சார்ஜ் ஏற்றினாள். வார நாளில் பெட்டியை நம்ப முடியாததால், ஞாயிறு சாயங்காலமே வயிறு நிறைய ஏற்றி வைத்துக்கொள்வது அவளுடைய புதுப் பழக்கம். ஒயரைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள், தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டாள், கிளம்பினாள். உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் பெட்டியில் பச்சை விளக்குதான் எரிந்தது. இப்போது சிவப்பு.

“எவன் பாத்த வேலை இது?” என்று பெட்டியிடமே கேட்டாள். பெட்டி பதில் சொல்லவில்லை. எதிரே டீக்கடை நிழலில் தன் டீசல் ஷேர் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்த வெள்ளைத்துரைதான் சொன்னான்.

“என்ன தங்கச்சி, பேய் வண்டிக்கு இன்னைக்கும் பட்டினியா?”

சத்தமில்லாமல் வருவதால் அவள் ஆட்டோவுக்கு அவன் வைத்த பெயர் பேய் வண்டி. அது வந்த பிறகு அவனுடைய பள்ளிக்கூட நடை இரண்டு அவளிடம் போய்விட்டது. அந்த எரிச்சல் அவன் வாயில் எப்போதும் இருக்கும்.

“பட்டினி போட்டவுக நல்லா இருக்கட்டும்ணே” என்றாள் அவள், அவனை ஒரு பார்வை பார்த்தபடி.

வீட்டில் சார்ஜ் போட வழியில்லை. அவள் குடியிருக்கும் தெருவில் வீட்டுக்கு வீடு வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறார்கள். வாசல்தோறும் குழாய்கள் குவிந்து கிடக்கும். ‘பேட்டரியக் கொண்டாந்து பேப்பருக்குப் பக்கத்துல வச்சுராத தாயி’ என்று வீட்டுக்காரர் முதல் நாளே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

ஆட்டோ ஓடவில்லை என்றால் பயராபீசுக்குத்தான் திரும்ப வேண்டும். பட்டாசுக் கம்பெனியை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். பதினெட்டு வருஷம் பேக்கிங் ஹாலில் கிஃப்ட் பாக்ஸ் அடுக்கியவள் அவள். ஆனால் பேக்கிங்கில் இப்போது இடமில்லை. “மருந்து ரூமுக்குன்னா நாளைக்கே வா” என்று போர்மேன் சொல்லியிருந்தார். வெடிமருந்து கலக்கும் அந்த ரூமிலிருந்து அவள் புருஷன் அய்யப்பன் எப்படித் திரும்பி வந்தான் என்பது ஊருக்கே தெரியும். மூன்று வருஷம் ஆகிறது. பத்து விரலும் இருக்கின்றன, ஒன்றுகூட மடங்காது. தினமும் அவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டுத்தான் அவள் வண்டியை எடுக்கிறாள்.

கம்பெனிக்குப் போன் போட்டாள். ஒரு பாட்டு முடிந்து ஒரு பெண் பேசினாள்.

“மேடம், எங்க ஸ்க்ரீன்ல மிஷின் நல்லா இருக்குன்னுதான் காட்டுது. அங்க யாரோ நிறுத்தி வச்சிருக்காங்க.”

“யாரும்மா நிறுத்துனது?”

“அது எங்களுக்குத் தெரியாது மேடம். பாதுகாப்பு உங்க பேரூராட்சி பொறுப்பு.”

பேரூராட்சி அலுவலகத்துக்கு நடந்தாள். செயல் அலுவலர் லட்சுமிகாந்தம் நல்ல மனிதர். கோபப்படவே மாட்டார், வேலையும் நகராது. ஒப்பந்தக் கட்டை எடுத்துப் பதினோராம் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார்.

“இங்க பாருங்கம்மா. இடம் கொடுக்கிறதோட எங்க கடமை முடிஞ்சுது. மிஷினைப் பராமரிக்கிறது கம்பெனி.”

“கம்பெனி ஒங்களைச் சொல்லுது சார்.”

“சொல்லத்தான் செய்யும். எதுக்கும் கரண்டு ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுருங்க.”

கரண்டு ஆபீசில் ஒருவர் உடனே வந்து பார்த்தார். “மீட்டருக்குக் கரண்டு வருதா? வருது. மீட்டரோட எங்க சோலி முடிஞ்சது. அதுக்கு அங்கிட்டு அவுக பாடு” என்று போய்விட்டார்.

பாண்டிலட்சுமிக்குத் தலை கிறுகிறுத்தது. மூன்று பேர் சொன்னதும் தனித்தனியாகக் கேட்டால் சரியாகவே இருந்தது. எல்லாரும் சரி, மிஷின் மட்டும் ஓடவில்லை. இது என்ன கணக்கு?

செவ்வாய்க்கிழமை கம்பெனியிலிருந்து கதிரவன் என்ற இன்ஜினியர் வந்தான். முப்பது வயசுகூட இருக்காது. பெட்டியின் பக்கவாட்டில், தோள் உயரத்தில், குடைக்காளான் மாதிரி புடைத்துக்கொண்டிருந்த சிவப்புப் பொத்தானைத் திருகி வெளியே இழுத்தான். சென்னைக்குப் பேசினான். பத்து நிமிஷத்தில் பச்சை விளக்கு வந்தது.

“இம்புட்டுத்தானா? இதை நானே திருகியிருப்பேனே!”

“திருகினா மட்டும் போதாதுக்கா. சென்னையிலருந்து மறுபடி உயிர் கொடுக்கணும். நீங்க கை வைக்காதீங்க. இந்தப் பட்டன் தீப்பிடிச்சாலோ ஷாக் அடிச்சாலோ மட்டும் அமுக்குறதுக்கு. உங்க ஊர்ல எவனோ வேலை மெனக்கெட்டு அமுக்குறான். பதினஞ்சு நாள்ல ஒன்பது தடவை.”

“ஒம்பது தடவையா? அவனுக்கு என்ன லாபம்?”

“அதைத்தான் நானும் கேக்குறேன். இதே மிஷினை ஃபோர்வே ரோட்டுல வச்சா ராத்திரி பகலா ஓடும். கம்பெனி இதைக் கழட்டிட்டு விருதுநகர் பக்கம் கொண்டுபோகச் சொல்லிருச்சு. வெள்ளிக்கிழமை உங்க மன்றத்துல பேசி முடிச்சிருவோம். சிவகாசியிலதான் ரூம் போட்டிருக்கேன்.”

வெள்ளிக்கிழமை! நடுவில் இருப்பது இரண்டு நாள்.

புதன்கிழமை காலை முதல் நடைக்கு முன்னால் வந்து பார்த்தாள். சிவப்பு விளக்கு அவளைப் பார்த்துச் சிரித்தது. நேராக டீக்கடைக்குப் போனாள்.

“வெள்ளைத்துரையண்ணே! என் வயித்துல அடிச்சு ஒங்களுக்கு என்ன கெடைக்கப் போகுது?”

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கிளாசை இறக்கினார்கள்.

“ஏ, என்ன காலங்காத்தாலேயே?”

“ஒங்க வீடு எதுக்க. நீங்க ஒக்காருற டீக்கடை எதுக்க. ரெண்டு நடை போன வயித்தெரிச்சல் ஒங்களுக்கு. வேற யாரு வந்து பட்டனை அமுக்குவா?”

வெள்ளைத்துரை நிதானமாக டீயைக் குடித்து முடித்தான். “திங்கக்கிழமை மத்தியானம் மல்லாங்கிணத்துக்குப் போனவன் நானு. மச்சினன் வீட்டு முளைப்பாரி. இப்ப அஞ்சு மணி பஸ்ஸுக்குத்தான் வந்து எறங்குனேன். இந்தா பை, இந்தா டிக்கெட்டு. நேத்து அமுக்குனது நானா? என் கை என்ன ரப்பரா, அங்கனருந்து நீளுறதுக்கு?”

யாரோ சிரித்தார்கள். அவளுக்கு முகம் சுண்டியது.

“அப்ப ஞாயித்துக்கிழமை?”

“ஞாயித்துக்கிழமை…” என்று இழுத்தான் அவன். “பாத்ததைச் சொல்லுவேன். நீ தாங்க மாட்ட.”

“ஒண்ணும் சொல்ல வேணாம். கதை கட்டுறதுக்கு ஒங்களுக்குச் சொல்லியா தரணும்?”

“சரி, சொல்லல. நீயா வந்து கேப்ப” என்றான் வெள்ளைத்துரை.

மதியம் கதிரவன் வந்து மறுபடி உயிர் கொடுத்துவிட்டுப் போனான். அன்று சாயங்காலம் அவள் நடைக்குப் போகவில்லை. ஆட்டோவை டீக்கடைச் சந்தில் மறைத்துவிட்டு, தட்டிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். இன்றைக்கு ஆளைப் பிடித்துவிடுவது என்று முடிவு.

ஐந்தரை மணிக்குப் பயராபீஸ் வேன் வந்தது. சீசன் நேரம், பதினைந்து இருபது பெண்கள் இறங்கினார்கள். ஆனைக்குட்டம் பக்கம் போகிறவர்கள். ஆறு பத்து பஸ்ஸுக்காக நிற்பார்கள். சாக்கடை வாறுகால் கட்டும் வேலைக்கென்று பேரூராட்சி பஸ் நிழற்குடையை இடித்துப் போட்டுப் பதினைந்து நாள் ஆகிறது. அதனால் எல்லாரும் கரண்டு பங்க் கூரைக்குக் கீழேதான் ஒதுங்கினார்கள். கேலியும் பேச்சுமாக அரைமணி நேரம் போனது. பெட்டியை ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. பச்சை விளக்கு அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

பஸ் வந்தது. எல்லாரும் ஓடினார்கள். கடைசியாகக் கிளம்பியவள் முத்துமாரியம்மாள். பேக்கிங் ஹாலில் பாண்டிலட்சுமிக்குப் பக்கத்து மேஜையில் நின்றவள், மதினி முறை வேண்டும். தூக்குவாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பஸ்ஸைப் பார்த்தபடியே, பக்கவாட்டில் கையை நீட்டிச் சிவப்புப் பொத்தானில் ‘பொத்’தென்று ஒரு அடி அடித்துவிட்டு ஓடினாள்.

பச்சை போய்ச் சிவப்பு வந்தது.

பாண்டிலட்சுமிக்கு ஒரு நிமிஷம் ஒன்றுமே புரியவில்லை. மதினியா? பிறகு செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். நகர்ந்துகொண்டிருந்த பஸ்ஸில் தாவி ஏறினாள்.

“மதினி! என்ன காரியம் பண்ணீக?”

“ஏ லட்சுமி! நீ எங்கிட்டு? ஒன் ஆட்டோ என்னாச்சு?”

“ஆட்டோவை விடுங்க. அந்தச் செவப்புப் பட்டனை எதுக்கு அமுக்குனீக?”

“எந்தப் பட்டனு?”

“இப்ப அமுக்குனீகளே!”

முத்துமாரியம்மாள் யோசித்தாள். அவளுக்கே அப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி இருந்தது. “ஆமா, அமுக்குனேன். கடைசி ஆளு நாந்தான? அமுக்காம வரலாமா?”

பாண்டிலட்சுமிக்குப் பழைய ஞாபகம் வந்தது.

பேக்கிங் ஹாலில் எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, அணைக்காமல் விட்ட பேக்கிங் மிஷின் சூடேறித் தீப்பிடித்தது. ஆள் சேதம் இல்லை. அடுக்கி வைத்திருந்த கிஃப்ட் பாக்ஸ் வரிசையாக வெடித்ததில் கூரை மட்டும் பக்கத்துத் தோட்டத்தில் போய் விழுந்தது. அதற்குப் பிறகு வாசல் சுவரில் தோள் உயரத்தில், எல்லா மிஷினையும் அணைக்கிற ஒரு சிவப்புப் பொத்தான் வைத்தார்கள். கடைசியாக யார் வெளியே வந்தாலும் அதை அடித்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும். மறந்தால் அரைநாள் சம்பளம் கிடையாது. ஒரு வருஷத்தில் மறக்கிறவர்களே இல்லாமல் போனார்கள். கை தானாகப் போகும்.

“நேத்து கடைசி ஆளு நானில்ல தாயி. நேத்து குருவம்மா” என்றாள் மதினி.

“ஆமா, நேத்து நான் அமுக்குனேன்” என்று ஜன்னலோரத்திலிருந்து குருவம்மாள் குரல் கொடுத்தாள்.

“போன வெள்ளி நானு!”

“ரெண்டு தடவ நானு! ஏன், ஏதும் பரிசு தாராகளா?”

பஸ்ஸே சிரித்தது. மதினிக்குக் கோபம் வந்துவிட்டது. “என்னத்தச் சிரிக்கீக? ஆளில்லாத எடத்துல பச்ச லைட்டு எரியுது, மிஷினு உஸ்ஸுனு இரைஞ்சுகிட்டுக் கெடக்கு. போட்டது போட்டபடி வரச் சொல்றியா லட்சுமி? அந்தப் பேரூராட்சிக்காரன் ஒரு வாச்மேன் வச்சானா? நாங்க பத்திரமா அணைச்சுட்டு வாரோம். ஒரு வாய்ச்சொல்லு நன்றி உண்டா?”

என்ன சொல்வது? திட்டுவதா, கும்பிடுவதா? பாண்டிலட்சுமி கம்பியைப் பிடித்தபடி நின்றாள். திடீரென்று ஒன்று உறைத்தது.

“மதினி, ஞாயித்துக்கிழமை யாரு அமுக்குனது?”

“ஞாயித்துக்கிழமை எங்களுக்கு லீவுல்லடி.”

கண்டக்டர் டிக்கெட் கேட்டார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, செருப்பில்லாத காலோடு திரும்பி நடந்தாள். முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று நினைத்தால், உள்ளே இன்னொரு முடிச்சு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பெண்கள் வரவில்லை. வார நாள் மாதிரி பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும் இல்லை, பங்க்கில் ஒரு ஈ காக்காய் இல்லை. அவள் மட்டும்தான் இருந்தாள். அப்படியானால் அவள் போன பிறகு யார் வந்தார்கள்?

வியாழக்கிழமை காலையில் டீக்கடைக்குப் போய் வெள்ளைத்துரைக்கு ஒரு டீ சொன்னாள்.

“அண்ணே, நேத்து பேசுனதை மனசுல வச்சுக்காதீக. ஞாயித்துக்கிழமை என்ன பாத்தீக?”

வெள்ளைத்துரை டீயை ஊதினான். “ஒன்னையத்தான்.”

“நான்தான் அங்கன இருந்தேனே. எனக்கப்புறம் யாரு வந்தா?”

“யாரும் வரல. ஒயரை மாட்டுன. பாட்டிலை எடுத்த. போற போக்குல பெட்டியில ஒரு தட்டுத் தட்டுன, மாட்டைத் தட்டிக் குடுக்கிற மாதிரி. லைட்டு செவப்பாச்சு. நீ பாட்டுக்கு ஏறி உக்காந்து போயிட்ட. அதுக்கு முந்துன ஞாயிறும் அதேதான்.”

“பொய்!”

“மல்லாங்கிணத்து அம்மன் மேல சத்தியமா. வண்டிக்காரி தானே அமுக்குறா, தானே வந்து அழுகுறா, இதுல என்னமோ சூட்சுமம் இருக்குன்னு நெனச்சேன். மிஷினுக்கு ஓய்வு குடுக்கியாக்கும்னு நெனச்சேன். அதான் வாயத் தொறக்கல.”

அவள் எழுந்து வந்துவிட்டாள். பொய் சொல்கிறான். நடை போன வயிற்றெரிச்சல். தான் அமுக்கியிருந்தால் தனக்குத் தெரியாதா? ஞாயிறு சாயங்காலத்தை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். ஒயர், கொக்கி, பாட்டில், சாவி. பாட்டிலுக்கும் சாவிக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றும் இல்லை என்று சத்தியம் செய்யவும் முடியவில்லை.

மதியம் வீட்டுக்குப் போய் அய்யப்பனுக்குச் சோறு ஊட்டினாள். நடந்ததைச் சொன்னாள். அவன் வாயில் சோற்றோடு கேட்டுக்கொண்டான். அவள் கை கழுவி, சேலையைச் செருகிக்கொண்டு வாசற்படியில் கால் வைத்தாள்.

“ஏ லட்சுமி.”

“என்னங்க?”

“நான் உள்ளதான இருக்கேன். ஃபேனைப் போட்டுட்டுப் போ.”

திரும்பிப் பார்த்தாள். ஃபேன் சுற்றி ஓய்ந்துகொண்டிருந்தது. சுவிட்சின் மேல் அவள் கை இருந்தது.

“தெனமும்தான் அணைக்கிற” என்றான் அய்யப்பன். “எழுந்து முழங்கையால இடிச்சுப் போட்டுக்குவேன். பாவம், பயராபீசுப் பழக்கம்னு சொல்லல. நான் ஒருத்தன் உள்ள இருக்கிறது ஒன் கைக்குத் தெரியல, அம்புட்டுத்தான்.”

அவள் தன் வலது கையை எடுத்து, அடுத்த வீட்டுக்காரியின் கையைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். கையுமா தெரியாது?

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மன்றக் கூட்டம். அவள் வராந்தாவில் நின்றாள். உள்ளே பேரூராட்சித் தலைவர் பொன்னுத்தங்கம் நடு நாற்காலியில் இருந்தார். தலைவர் பதவியைப் பெண்களுக்கென்று ஒதுக்கியபோது ஜெயித்தவர். அதற்கு முன்னால் இருபது வருஷம் தீப்பெட்டி ஆபீசில் கட்டு ஒட்டியவர். கதிரவன் லேப்டாப்பை வைத்துச் சுவரில் படம் காட்டிக்கொண்டிருந்தான். மிஷின் நின்ற தேதிகள் சிவப்பு சிவப்பாக எரிந்தன.

“இது திட்டமிட்ட நாசவேலைங்க. கம்பெனி இனிமே இங்க நடத்த முடியாது.”

“அடையாளம் தெரியாத விஷமிகள் மீது போலீஸ்ல புகார் எழுதிட்டேம்மா” என்று லட்சுமிகாந்தம் தாளை நீட்டினார். “நம்ம மேல பழி வராது. கையெழுத்துப் போட்டா போதும்.”

வராந்தாவில் நின்றவள் கணக்குப் போட்டாள். வாயை மூடிக்கொண்டால் பெட்டி போய்விடும், பெட்டி போனால் மருந்து ரூம். வாயைத் திறந்தால் மதினியும் குருவம்மாளும் போலீஸ் ஸ்டேஷன் படி ஏற வேண்டும். கூடவே அவளும். யாராவது நம்புவார்களா என்பதே சந்தேகம். ‘அமுக்கினேன், ஆனால் எனக்குத் தெரியாது’ என்று எந்தப் போலீஸ்காரரிடம் சொல்வது?

டீத் தூக்கு வந்தது. தலைவர் பேனாவை எடுத்தார்.

“தலைவரம்மா!” என்று உள்ளே போய்விட்டாள். “யாரு அமுக்குனதுன்னு எனக்குத் தெரியும்.”

எல்லாரும் திரும்பினார்கள்.

“யாரு?” என்றான் கதிரவன்.

“சொன்னா நம்ப மாட்டீக சார். ஒரே ஒரு ஒதவி. உள்ள புழுக்கமா இருக்கு, எல்லாரும் வராந்தாவுக்கு வந்து டீயக் குடிங்க. அங்கன வச்சுச் சொல்றேன்.”

தலைவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, “வாங்கய்யா, பிள்ளை என்னமோ சொல்லுது” என்றார். உறுப்பினர்கள் எழுந்தார்கள், லட்சுமிகாந்தம் எழுந்தார், கதிரவன் எழுந்தான். ஊருக்குத் தலைவர் என்பதால் எல்லாரையும் முன்னால் அனுப்பிவிட்டுப் பொன்னுத்தங்கம் கடைசியாக வந்தார்.

வாசலைத் தாண்டும்போது அவர் கை போர்டில் ஒரு தடவு தடவியது. டப், டப், டப், டப். லைட் போனது, ஃபேன் போனது, சுவரில் எரிந்த தேதிகள் எல்லாம் போயின.

“மேடம்!” என்று கத்தினான் கதிரவன். “ப்ரொஜெக்டர் ஓடிட்டு இருந்துச்சே! ஏன் அணைச்சீங்க?”

“எதை அணைச்சேன்?” என்றார் தலைவர்.

இருட்டிய அறையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். நேற்று பாண்டிலட்சுமி பார்த்தாளே, அதே பார்வை.

“இவுகதான் சார்” என்றாள் பாண்டிலட்சுமி. “இவுக, நானு, முத்துமாரி மதினி, குருவம்மா, வேனுல வார அம்புட்டுப் பேரும். தீப்பெட்டி ஆபீசோ பயராபீசோ, கடைசி ஆளு அணைக்காம வரக்கூடாதுன்னு கைக்குச் சொல்லிக் குடுத்துருக்காக. ஞாயித்துக்கிழமை அமுக்குனது நானேதான். எனக்கே நேத்துத்தான் தெரியும்.”

பொன்னுத்தங்கம்தான் முதலில் சிரித்தார். குலுங்கக் குலுங்கச் சிரித்தார். புகார்த் தாளை வாங்கி நான்காக மடித்தார்.

“லட்சுமிகாந்தம் சார், இந்தக் கையை எந்த ஸ்டேஷன்ல புடிச்சுக் குடுக்கப் போறீக?”

கதிரவனுக்குச் சிரிப்பு வரவில்லை. “அப்ப பட்டனுக்கு ஒரு மூடி போட்டுடலாம்.”

“எங்க ஹால்லயும் மூடி இருந்துச்சு சார். மூடியத் தொறந்து அமுக்குவோம்.”

“போர்டு எழுதி வச்சா?”

“கை போர்டு படிக்குமா? கைக்கு அணைக்கிறதுக்கு வேற ஒண்ணு குடுங்க. கூரை லைட்டுக்கு ஒரு சுவிட்சு. செவப்பா, பெருசா, வெளிய போற தூணுல. இதே தோள் ஒயரத்துல. அதை அமுக்கினா கைக்குத் திருப்தி ஆயிரும்.”

லட்சுமிகாந்தம் உடனே பதினோராம் பக்கத்தைப் பிரித்தார். “லைட்டு பேரூராட்சியா, கம்பெனியா?”

“சுவிட்சு நான் வாங்கித் தாரேன். மொதல்ல அதை மூடுங்க” என்றார் தலைவர்.

கதிரவன் வெளியே போய்ச் சென்னையோடு வெகுநேரம் பேசினான். ‘அவங்க கை சார், கை’ என்று நாலைந்து தடவை சொன்னது மட்டும் உள்ளே கேட்டது. திரும்பி வந்தான். “ஒரு மாசம் டைம் குடுத்திருக்காங்கக்கா. அதுக்குள்ள ஒரே ஒரு தடவை நின்னாலும் கழட்டிருவோம். நானும் ஒண்ணும் பண்ண முடியாது.”

சனிக்கிழமையே எலெக்ட்ரீஷியன் வந்து தூணில் சுவிட்சை மாட்டினார். சாயங்காலம் மதினி பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் தூணில் ‘பொத்’தென்று அடித்தாள். கூரை லைட் அணைந்தது. பெட்டியில் பச்சை அப்படியே எரிந்தது. டீக்கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பாண்டிலட்சுமி கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் முறை. ஆறரை மணிக்கு வண்டி நிறைந்தது. ஒயரைக் கழற்றினாள், கொக்கியில் மாட்டினாள், பாட்டிலை எடுத்தாள், ஏறிக் கிளம்பினாள். கண்மாய்க் கரை திருப்பம் வந்ததும் திடுக்கென்றது. எதையோ அமுக்கினோம். எதை?

தூணா, பெட்டியா? பாட்டிலுக்கும் சாவிக்கும் நடுவில் மறுபடியும் ஒன்றும் இல்லை. வண்டியைத் திருப்பினாள்.

பங்க் மங்கலாகக் கிடந்தது. கூரை லைட் எரியவில்லை. கிட்டே போனாள். பெட்டியில் சின்னதாகப் பச்சை. அப்பாடா! எதற்கும் இருக்கட்டும் என்று கூரை லைட்டைப் போட்டு, சிவப்புப் பொத்தான் வெளியேதான் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தாள். நிற்கிறது. நிம்மதியாகச் சேலையை உதறிக்கொண்டு, தட்ட வேண்டியதைத் தட்டிவிட்டு, ஏறி வண்டியை எடுத்தாள்.

டீக்கடை தாண்டியதும் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. இப்போது தட்டியது எதை?

வண்டி சத்தமில்லாமல் பின்னால் வந்தது. கடை வாசலில் பெஞ்சில் படுத்திருந்த வெள்ளைத்துரை தலையை மட்டும் தூக்கினான்.

“தாயி, இது மூணாவது தடவை. நீ வந்து வந்து பாத்துட்டுப் போறதுக்கே ஏத்துன சார்ஜு தீந்துரும்.”

“அண்ணே, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. என்ன கலர் எரியுது?”

“நீயே பாரு” என்றான் அவன். “நான் சொன்னா நம்பவா போற?”